கண் நரம்பு பழுதான பிறகு எந்த வழி? மின்தூண்டலையும் மற்றவற்றையும் எடை போட்டுப் பார்த்த கதை

மாமாவுக்கு இரண்டாவது கண்ணும் ஒரு விடியற்காலையில்தான் போனது. எழுந்து முகம் கழுவப் போனவர், குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீரைக் காணோம் என்றார். கண்ணாடியில் நெற்றியும் கண்ணும் தெரிந்தன, வாயும் தாடையும் தெரியவில்லை. வலது கண்ணில் நான்கு வருடம் முன்பு எப்படி நடந்ததோ அப்படியே இடது கண்ணிலும். வலி இல்லை, சிவப்பு இல்லை. இரவு படுக்கும்போது இருந்த கீழ்ப்பாதிப் பார்வை காலையில் இல்லை.

மாமா கரூரில் தையல்காரர். தையல் மெஷினில் துணி நம் பக்கத்திலிருந்து ஊசிக்குப் போய், தைத்தபின் அந்தப் பக்கமாக வெளியேறும். கீழ்ப்பாதிப் பார்வை இல்லாதவர் ஊசியைப் பார்த்தால் தைத்து முடிந்த துணி தெரியும். இனிமேல் தைக்க வேண்டிய துணி தெரியாது. அவருடைய கஷ்டம் எனக்கு உறைத்தது டாக்டர் சொன்னபோது அல்ல, இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான்.

பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உள்ளவர்களுக்கு வரக்கூடியது. ஒரு கண்ணில் வந்தவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறு கண்ணிலும் வருகிறது. "நரம்பு வெளுத்துப் போச்சு. இதுக்குக் கண்ணாடியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து செருப்பைக் காலால் தேடிக்கொண்டே மாமா கேட்டார்: "வேற ஒண்ணுமே இல்லையா மாப்ளே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஆறு மாதம் அலைந்தேன். சொந்தக்காரர்கள் அனுப்பியது, மருத்துவ ஆய்வுகளில் படித்தது, நேரில் போய்க் கேட்டது எல்லாம் சேர்ந்து நான்கைந்து வழிகளாகத் திரண்டன. ஜெர்மனியில் கொடுக்கும் மின்தூண்டல், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி, கணினிப் பயிற்சி, மிஞ்சிய பார்வையைப் பழக்கும் மறுவாழ்வுப் பயிற்சி, எதுவும் செய்யாமல் பொறுத்திருப்பது. எங்கள் நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பார்வை நரம்பு பாதிப்பு எல்லாம் ஒரே நோய் அல்ல. ஐம்பது வயது தாண்டியவருக்குத் திடீரென்று பார்வை மங்கி, கூடவே நெற்றிப்பொட்டில் வலியும் மெல்லும்போது தாடை வலியும் இருந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் மறு கண்ணும் போய்விடலாம். காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிவப்பு, பச்சை நிறங்கள் வெளிறத் தொடங்கினால் அதிலுள்ள எத்தாம்பியூட்டால் என்ற மருந்து காரணமாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இளம் வயதினருக்கு வரும் நரம்பு அழற்சி பெரும்பாலும் தானாகவே நன்றாகத் தெளிகிறது. நான் ஒப்பிடுவது இவற்றையெல்லாம் பார்த்து முடித்து, பழுது நிலைத்துவிட்டவர்களுக்கான வழிகளை.

எது செத்தது, எது மிஞ்சியது

ஒரு கண்ணின் பார்வை நரம்பில் சுமார் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விழித்திரையில் உள்ள ஒரு செல்லிலிருந்து கிளம்பி மூளைக்குள் போகும் வால். கையில் வெட்டுப்பட்ட நரம்பு மெல்ல வளர்ந்து சேரலாம். பார்வை நரம்பு மூளையின் பகுதி என்பதால் அறுந்த இழை மனிதர்களுக்கு மறுபடி வளர்வதில்லை. அந்தக் கதவை இன்றுவரை எந்தச் சிகிச்சையும் திறக்கவில்லை.

ஆனால் அடிபட்ட நரம்பில் எல்லா இழைகளும் செத்துவிடுவதில்லை. சில முழுதாக வேலை செய்யும். சில உயிரோடு இருந்தும் சரியாகச் செய்தி அனுப்பாமல் கிடக்கும். பார்வைப் புலத்தை, அதாவது கண்ணுக்கு எந்தெந்தப் பக்கம் தெரிகிறது என்பதை அளக்கும் ஃபீல்ட் டெஸ்ட் தாளில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தெரிகிற பகுதி பெரும்பாலும் இதுதான். அங்கே வைத்த புள்ளி ஒரு முறை தெரியும், மறு முறை தெரியாது. மின்தூண்டலோ கணினிப் பயிற்சியோ, நேர்மையாகப் பேசினால் குறி வைப்பது இந்தச் சாம்பல் ஓரத்தைத்தான். முழுக் கறுப்பை வெள்ளையாக்குவேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

சும்மா இருந்தாலே எவ்வளவு தேறும்?

எந்தச் சிகிச்சையையும் எடை போட இந்தக் கேள்விதான் படிக்கல். இதைக் கேட்காமல் எதையும் ஒப்பிட முடியாது.

மாமாவுக்கு வந்த இதே நோய்க்கு ஒரு காலத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நரம்பின் உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைப்பது. செய்தவர்களில் பலருக்குப் பார்வை தேறியதால் பரவலாகச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவில் முறையாக ஒரு சோதனை நடத்தி 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 32.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் எழுத்துப் பலகையில் மூன்று வரியோ அதற்கு மேலோ கூடுதலாகத் தெரிந்தது. ஒன்றுமே செய்யாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் 42.7 சதவீதம் பேருக்கு அதே முன்னேற்றம். மூன்று வரியோ அதற்கு மேலோ இழந்தவர்கள் அறுவைக் குழுவில் 23.9 சதவீதம், சும்மா இருந்த குழுவில் 12.4. அறுவை அத்துடன் நின்றுபோனது.

அந்த 42.7-ஐ நான் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். நோய் வந்த முதல் மாதங்களில் யார் என்ன கொடுத்தாலும், வெறும் சீரகத் தண்ணீரே கொடுத்தாலும், பத்தில் நாலு பேருக்குப் பார்வை கொஞ்சம் தேறியிருக்கும். அந்த நாலு பேரும் மனசார, சத்தியமாகச் சாட்சி சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அது சிகிச்சையால் வந்ததா என்பது மட்டும் அந்தச் சாட்சியத்தில் இல்லை.

இன்னொன்றையும் வீட்டிலேயே பார்த்தோம். ஃபீல்ட் டெஸ்ட் எப்படி நடக்கும் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணத்துக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே வெளிச்சப் பொட்டு மின்னும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். மாமா முதல் தடவை பாதியில் தூங்கிவிட்டார். பட்டனை அழுத்தலாமா வேண்டாமா என்ற பயத்திலேயே பல பொட்டுகளை விட்டேன் என்றார். இரண்டு வாரம் கழித்து, நடுவில் எந்த மருந்தும் மாறாமல், மறுபடி எடுத்தோம். இடது கண்ணின் சராசரி இழப்பு மைனஸ் 17.8-லிருந்து மைனஸ் 15.1-க்கு வந்திருந்தது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. அத்தை கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். டெஸ்ட் எடுத்த பெண்தான் பொறுமையாகச் சொன்னார்: "இது பழக்கத்துல வர்றதுங்கம்மா. மூணாவது தாள்தான் உண்மையான கணக்கு."

அந்த ஒரு வாக்கியம் பிறகு பல லட்சம் ரூபாய்களைக் காப்பாற்றியது.

மின்தூண்டல்

கண்ணுக்கு மின்சாரம் வைப்பது புதிய யோசனை இல்லை. 1755-லேயே பிரான்சில் சார்ல் லெருவா என்ற மருத்துவர் ஒரு பார்வையற்ற இளைஞரின் தலையில் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தினார். தீப்பிழம்பு கீழிறங்குவது போல் தெரிந்ததாக அந்த இளைஞர் சொன்னார், பார்வை திரும்பவில்லை. மின்சாரம் ஒளியுணர்வை எழுப்பும் என்பது அன்றே உறுதியானது. அந்த ஒளியுணர்வு பார்வையாகுமா என்ற கேள்விதான் இன்னும் தொடர்கிறது.

இன்று இதில் அதிகம் பேசப்படும் முறை ஜெர்மனியின் மாக்டபர்க் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் சாபெல் குழு வளர்த்தது. அறுவை இல்லை, ஊசி இல்லை. கண்ணைச் சுற்றியுள்ள தோலில் மின்முனைகளை ஒட்டி, ஒரு மில்லி ஆம்பியர்கூட வராத அளவுக்கு மெல்லிய மாறுமின்னோட்டத்தைத் துடிப்புகளாக அனுப்புகிறார்கள். மூடிய கண்ணுக்குள் மினுமினுவென்று ஒளி தெரியும். மின்சாரம் விழித்திரையில் மிஞ்சிய செல்களை ஒரே தாளத்தில் தூண்டுகிறது, அந்தத் தாளம் மூளைக்கும் போய், பார்வை குறைந்ததால் தொடர்பு தளர்ந்துபோன பகுதிகளை மறுபடி ஒத்திசைய வைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். மூளை அலைப் பதிவுகளில் அப்படியொரு மாற்றத்தைக் காட்டியும் இருக்கிறார்கள்.

நான் இதை மற்றவற்றோடு ஒரே கூடையில் போடாததற்குக் காரணம், இவர்கள் சரியான விதத்தில் சோதித்துப் பார்த்ததுதான். 2016-ல் வெளிவந்த ஆய்வு. மாக்டபர்க், கோட்டிங்கன், பெர்லின் ஆகிய மூன்று ஊர்களில் 82 நோயாளிகள். சீட்டுக் குலுக்கியது போல் பிரித்து ஒரு குழுவுக்கு உண்மையான மின்தூண்டல், இன்னொன்றுக்குப் பெயரளவுக்கு மட்டும். நாளுக்கு 50 நிமிடம் வரை, 10 வேலை நாட்கள். பார்வைப் புலம் முதல் குழுவில் சராசரியாக 24 சதவீதம் மேம்பட்டது, போலிச் சிகிச்சை பெற்ற குழுவில் 2.5 சதவீதம். இரண்டு மாதம் கழித்தும் வித்தியாசம் நின்றது. மோசமான பக்கவிளைவு எதுவும் இல்லை.

24 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கும் மனசு துள்ளியது. பிறகு நிதானமாகப் படித்தேன். இது போன பார்வையில் கால்வாசி திரும்பியது என்று பொருள்படாது. ஆரம்பத்தில் இருந்த அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் கூடியது என்ற கணக்கு. 100 பொட்டுகளில் 50-ஐக் கண்டுகொண்டிருந்தவர் ஏறக்குறைய 62-ஐக் கண்டுகொள்வது போல. அதுவும் சராசரிதான். ஒருவருக்கு அதிகம் கிடைத்திருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. அதைவிட முக்கியமாக, எழுத்துப் பலகையில் அளக்கிற பார்வைக் கூர்மை போலிக் குழுவோடு ஒப்பிடும்போது மாறவில்லை. பத்திரிகை எழுத்து, ஊசிக்காது, பஸ் நம்பர் இவையெல்லாம் கூர்மையைச் சேர்ந்தவை. எதிரே வருகிற வண்டியும் கதவு நிலையும் படிக்கட்டும் புலத்தைச் சேர்ந்தவை. மின்தூண்டலுக்குப் போகிற குடும்பம் இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் போனால், சிகிச்சை வேலை செய்தாலும் ஏமாந்ததாகவே வீடு திரும்பும்.

எனக்கு நெருடிய விஷயம் இன்னொன்று. உண்மையான மின்சாரம் வைத்தால் கண்ணுக்குள் ஒளி மினுங்கும். அப்படியானால் தனக்குக் கிடைப்பது அசலா போலியா என்று நோயாளி ஊகித்துவிட வாய்ப்பு உண்டு. பட்டன் அழுத்தும் சோதனையில் நம்பிக்கையே சில பொட்டுகளைக் கூட்டும். இதனால் ஆய்வு செல்லாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 82 பேர், இரண்டு மாதம் என்பது ஒரு நல்ல தொடக்கத்தின் அளவு. அதைத் தாண்டி எழுதிக் கொடுக்க இப்போதைக்கு ஒன்றுமில்லை.

ஜப்பானின் ஒசாகாவில் வேறொரு முறை. கருவிழியின் மேல் லென்ஸ் போன்ற மின்முனையை வைத்துத் தூண்டுவது. நரம்பு வெட்டப்பட்ட எலிகளில் இது விழித்திரைச் செல்கள் சாவதைத் தாமதப்படுத்துகிறது என்று 2005-ல் காட்டினார்கள். மறு வருடம் 8 நோயாளிகளுக்குச் செய்ததில் 6 பேருக்குப் பார்வை தேறியது என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மறு குழு இல்லாத ஆய்வு அது. என் அலமாரிக் கதவில் இருக்கும் 42.7-ஐ நினைத்துக்கொண்டு அதை அந்த அளவிலேயே வைத்தேன். இதே வகையில் ஐரோப்பாவில் ஒகுஸ்டிம் என்ற கருவி வீட்டிலேயே வாரம் அரை மணி நேரம் பயன்படுத்த விற்கப்படுகிறது. பலர் இதையும் பார்வை நரம்புக்கானது என்று அனுப்பி வைக்கிறார்கள். அதற்கு அனுமதி உள்ளது மாலைக்கண்ணில் தொடங்கும் பரம்பரை விழித்திரைச் சிதைவு நோய்க்கு. இடம் வேறு, நோய் வேறு.

மின்தூண்டல் எல்லோருக்கும் ஆகாது. வலிப்பு உள்ளவர்கள், பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்கள், தலையில் உலோகம் இருப்பவர்கள், கண்ணுக்குள் புதிதாக ரத்தக்கசிவு ஆனவர்கள் இவர்களைச் சேர்ப்பதில்லை. பைக் விபத்தில் நரம்பு அடிபட்ட இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். புருவ எலும்போ கன்ன எலும்போ உடைந்து தகடு வைத்திருப்பார்கள். தலையில் அடிபட்டதால் வலிப்பு வந்திருக்கும். விமான டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும். ஒளி உணர்வே முற்றிலும் இல்லாத கண்ணுக்கும் இதில் நம்பிக்கை வைக்க ஆதாரம் இல்லை. மிஞ்சிய பார்வைதான் இதற்கு முதல்.

நம் நாட்டிலேயே ஒரு நகரத்தில் இதேபோல் செய்வதாகச் சொன்ன ஒரு மையத்துக்கு மாமாவை அழைத்துப் போனேன். சிகிச்சைக்கு முன், பின் என்று நோயாளிகளின் ஃபீல்ட் டெஸ்ட் தாள்களை ஆல்பமாக வைத்திருந்தார்கள். பின்னதில் கறுப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. அந்தத் தாள்களின் இடது மேல் மூலையில் சின்ன எழுத்தில் கண் எத்தனை முறை நடுப்புள்ளியை விட்டு நகர்ந்தது என்று அச்சாகியிருக்கும். ஒரு தாளில் முன்னது 17-க்கு 3, பின்னது 17-க்கு 11. கண் அலைந்தால் பொட்டு தெரியத்தான் செய்யும். நான் விரலை வைத்துக் காட்டிக் கேட்டேன். ஆல்பத்தை மூடிக்கொண்டு, தவணையிலும் கட்டலாம் என்றார்கள்.

கணினிப் பயிற்சி

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். திரையில் பார்வையின் எல்லை ஓரமாக வெளிச்சப் பொட்டுகளைக் காட்டி, தினமும் ஒரு மணி நேரம், ஆறு மாதம் பயிற்சி. 1998-ல் மாக்டபர்க் குழுவே வெளியிட்ட 38 பேர் ஆய்வில் நல்ல பலன் சொன்னார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. 2005-ல் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் 17 பேரை எடுத்து, விழித்திரையையே நேரடியாகப் பார்த்துக்கொண்டு, கண் நகர்ந்தால் பிடித்துவிடும் கருவியால் அளந்தார்கள். எல்லை நகரவில்லை. முன்பு கண்ட முன்னேற்றத்தில் ஒரு பங்கு நோயாளிகள் தங்களை அறியாமல் கண்ணை ஓட்டியதால் வந்திருக்கலாம் என்ற விவாதம் அப்போது எழுந்தது. கண்ணை ஓட்டப் பழகுவதே அன்றாட வாழ்க்கைக்கு உதவும் என்பது உண்மை. அதைக் காசில்லாமலும் பழகலாம்.

ஸ்டெம் செல்

எங்கள் குடும்பத்தில் இதற்குத்தான் ஆதரவு அதிகம் இருந்தது. நிலத்தை விற்கவும் ஒரு சித்தப்பா தயாராக இருந்தார். நான் ஒரே பிடிவாதமாக மறுத்த வழியும் இதுதான்.

2017-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று மூன்று பெண்களைப் பற்றி எழுதியது. ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்கில் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள், அதுவும் இரண்டு கண்ணிலும் ஒரே நாளில், ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு இருந்தது விழித்திரை நோய். போகும்போது ஓரளவு பார்வையோடு போனவர்கள் ஏறக்குறைய முழுப் பார்வையையும் இழந்தார்கள். இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்கு வெளியே கொடுக்கவே கூடாது. சோதனையில் சேருபவரிடம் அந்த ஆராய்ச்சிக்காகப் பணம் வாங்கவும் கூடாது. எனவே லட்சக்கணக்கில் ரசீது போடுகிற இடம் எதுவோ, அது சோதனையும் அல்ல, அனுமதி பெற்ற சிகிச்சையும் அல்ல. மின்தூண்டலில் போவது பணமும் பத்து நாளும். கண்ணுக்குள் போடும் ஊசியில் மிஞ்சிய பார்வையே போகலாம். மாமாவிடம் மிஞ்சியது மேல்பாதிதான். அதைப் பணயம் வைக்க எனக்குத் துணிவில்லை.

விபத்தில் நரம்பு அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டும் அறுவையும் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 1999-ல் பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்த்து 133 பேரைப் பார்த்ததில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 52 சதவீதம், அறுவை செய்தவர்களில் 32 சதவீதம், எதுவும் பெறாத மிகச் சிறிய குழுவில் 57 சதவீதம் பேருக்குப் பார்வை மூன்று வரி தேறியது. எதுவும் மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. தலைக்காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் இறப்பே கூடுகிறது என்று 10,008 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனை 2004-ல் காட்டியது. ஆகவே, "டாக்டர் ஸ்டீராய்டு போடலையே" என்று வருத்தத்தில் உழலும் தாய்மார்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

மிஞ்சிய பார்வையைப் பழக்குவது

இதைக் கடைசி வழியாகவே எல்லோரும் வைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. சிகிச்சை தேடிய ஆறு மாதமும் மாமா வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை படியில் விழுந்தார்.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி.பிரசாத் போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் உள்ளது. நாங்கள் போன இடத்தில் முதல் நாளே அந்தப் பயிற்சியாளர் மாமாவின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரட்டைப் பவர் கண்ணாடி. படிக்கிற பவர் கீழே இருக்கும். கீழ்ப்பாதி தெரியாதவருக்குக் கீழ்ப்பாதியில் பவர் வைத்த கண்ணாடி! இத்தனை மாதமாக யாருக்கும் இது தோன்றவில்லை. தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அன்று மாலை மாமா பஸ்ஸில் தினத்தந்தி படித்தார்.

பிறகு வந்ததெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். படி விளிம்புகளில் மஞ்சள் டேப். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்கும்போது தொலைந்துபோகாமல் இருக்க, ஒரே வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய கறுப்பு அட்டை. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் வைக்காமல் வாழை இலையிலோ கறுப்புத் தட்டிலோ வைப்பது. நடக்கும்போது பத்தடிக்கு ஒரு முறை தலையைக் குனிந்து தரையைத் துழாவிப் பார்க்கும் பழக்கம். ஊன்றுகோலுக்கு அவர் முதலில் ஒப்பவில்லை. அத்தைதான், "விழுந்து இடுப்பு உடைஞ்சா யாரு தூக்குறது" என்று அதட்டிக் கையில் கொடுத்தார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தோம். 40 சதவீதம் தேவை, இரண்டு கண்ணின் புலத்தையும் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கண் மட்டும் முழுதாகப் போனவர்களுக்கு 30 சதவீதம்தான் தருகிறார்கள் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன்.

நாங்கள் எடுத்த முடிவு

எல்லாவற்றையும் மாமாவிடம் விரித்து வைத்தேன். அவருக்குத் தகடு இல்லை, வலிப்பு இல்லை, பார்வை மிஞ்சியிருக்கிறது, இரண்டாவது கண் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. மின்தூண்டலுக்குத் தகுதியான ஆள்தான். அவர் கேட்டார்: "பத்து நாளு கரண்ட் வெச்சா ஊசிக்காது தெரியுமா மாப்ளே?"

"தெரியாது மாமா. ஊசிக்காது கூர்மையில சேர்ந்தது. அது மாறலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இருட்டு ஓரத்துல கொஞ்சம் தெளியலாம். தெளியாமலும் போகலாம்."

ரெண்டு பேருக்கு விசா, டிக்கெட், இரண்டு வாரத் தங்கல், சிகிச்சைக் கட்டணம் என்று போட்ட கணக்கு அவருடைய பல வருட வருமானத்தைத் தாண்டியது. கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் போக வேண்டாம் என்பது என் கருத்து. அவரும் அதையே சொன்னார். கையில் பணம் இருந்து, நடமாட்டம்தான் முக்கியப் பிரச்சினை என்று இருந்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். போங்கள், ஆனால் போகும் முன் இங்கே மூன்று ஃபீல்ட் டெஸ்ட் எடுத்து மூன்றாவதை அடிப்படையாக வையுங்கள். வந்த பிறகு அதே மெஷினில், சிகிச்சையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளிடம் எடுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். அப்போதுதான் கிடைத்தது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் கதவை நாங்களும் மூடவில்லை. மாமாவின் மூன்று தாள்களும், விழித்திரை அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் ஒரு ஃபைலில் இருக்கின்றன. இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் பதிவேட்டை மாதம் ஒரு முறை திறந்து பார்வை நரம்பு என்று தேடுகிறேன். அதில் பணம் கட்டச் சொல்லாத ஒரு மின்தூண்டல் சோதனை வந்தால் முதல் ஆளாக அழைத்துப் போவேன்.

இப்போதைக்கு அவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு மாற்றம்தான். ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசிக்கு முன்னால், தன் பக்கமாக இரண்டு விரல் தள்ளித் துணியைப் பார்க்க வேண்டும். அப்போது ஊசி தானாகவே மேல்பாதிக்குள் வந்துவிடும். நாற்பது வருடப் பழக்கத்தை மாற்றுவது லேசு இல்லை. முதல் மாதம் தலையணை உறை மட்டும் தைத்தார், கோணலும் மாணலுமாக. போன வாரம் ஒரு பள்ளிச் சீருடை பாவாடைக்கு இடுப்புப் பட்டை வைத்து முடித்தார். வெள்ளைச் சாக் வெளிர் நீலத் துணியில் தெரியவில்லையாம். வரும்போது சிவப்புச் சாக் ரெண்டு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.